எடையில் தேறிய தூசி

பிப்ரவரி 4

இன்று மூன்று நிலக்கரி மாதிரிகள். மேலடுக்கு இரண்டு, கீழடுக்கு ஒன்று. ஈரம், சாம்பல், கந்தகம். பதினெட்டு வருடமாக இதே மூன்று சொற்களைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழடுக்குக் கரியில் கந்தகம் மறுபடி ஏறியிருக்கிறது. சோதனையே தேவையில்லை, கையில் எடுத்தாலே தெரியும். பித்தளைத் தூளைத் தூவிவிட்டது போல மின்னும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த துகள் அது. சுரங்கத்து ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பவுன்.

மின் நிலையத்திலிருந்து புகார்க் கடிதம் வந்திருக்கிறது. நம் கீழடுக்குக் கரியை எரித்து அவர்களுடைய பாய்லர் குழாய்கள் அரித்துப்போய்விட்டனவாம். படமெல்லாம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆய்வகத் தலைவர் ஒவ்வொரு படமாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பாவம், எப்படித் தின்னிருக்கு பாருங்க மேடம்."

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். என் வீடு இரண்டாவது மாடி. படியில் இரண்டு முறை நின்றுவிட்டான். கேட்டதற்கு, ஷூ லேஸ் அவிழ்ந்துபோச்சு, அதான் கட்டினேன் என்றான்.

அவன் காலில் கிடந்தது செருப்பு.

பிப்ரவரி 5

நாற்பத்தாறு வயது. செருப்புக்கு லேஸ் கட்டுகிறான்.

பிப்ரவரி 17

அண்ணியும் நானும் சேர்ந்து அவனைச் சுரங்க மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். இரண்டு பக்கமும் பஞ்சைப் பிய்த்து ஒட்டினது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் அது இருக்கக் கூடாது என்பதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

"சிகரெட் உண்டா?"

"இல்ல சார்."

"முன்னாடி?"

"எப்பவுமே இல்ல."

"வீட்ல விறகு அடுப்பா?"

"கேஸ் சார்" என்றாள் அண்ணி.

"புறா, கோழி ஏதாவது வளர்க்கறீங்களா?"

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். "நிலக்கரி வெட்டறாரு சார். இருபத்திரண்டு வருஷமா. அதை ஒண்ணுதான் நீங்க கேக்கலை."

டாக்டர் கோபப்படவில்லை. நல்ல மனிதர் என்றே பெயர். "அது எனக்குத் தெரியும்மா. ஆனா கீழடுக்குல தூசி அளவு எப்பவும் வரம்புக்குள்ளதான் இருக்கு. ரெஜிஸ்டர் இருக்கே. வரம்புக்குள்ள இருக்கற தூசி நோயைத் தராது." காரணம் தெரியாத நாட்பட்ட இருமல் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ரெஜிஸ்டரில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

பிப்ரவரி 18

எழுதிவிட வேண்டியதுதான். வேறு யாரிடம் சொல்ல?

சுரங்கத்துக்குள் போகிறவர்கள் இடுப்பில் ஒரு சின்ன பம்ப் கட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்றை அது இழுத்து, தூசியை ஒரு வெள்ளை வடிதாள் வில்லையில் படியவைக்கும். வேலை முடிந்ததும் வில்லை என் மேஜைக்கு வரும். நான் எடை போடுவேன். இவ்வளவு மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. எடை போட்ட பிறகு வில்லையைக் குப்பையில் போட வேண்டும். விதி அப்படி.

கீழடுக்கில் தண்ணீர் கசியும். தூசி பறக்காமல் அடங்கிவிடும். அதனால் அங்கே எடை எப்போதும் குறைவு, மேலடுக்கில் பாதிதான் வரும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் மேலடுக்கில் இருந்தான். நான்தான் போய்ச் சொன்னேன். அண்ணா, கீழ மாத்தி வாங்கிக்கோ, அங்க தூசி பாதிதான், என் கையால எடை போடறேன்.

அவனுக்கு மேலடுக்கில் கூட்டாளிகள் இருந்தார்கள். மனசே இல்லை. இருந்தும், "நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் பாப்பா" என்று போனான்.

மார்ச் 3

பாய்லர் புகாருக்குப் பதில் எழுத வேண்டும், கரி எவ்வளவு புளிக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார் தலைவர். இரண்டு அடுக்குக் கரியையும் மாவாக அரைத்து, தண்ணீரில் போட்டுக் குலுக்கி, ஒரு வாரம் வைத்திருந்தேன். இன்று எடுத்தேன்.

மேலடுக்குத் தண்ணீர் சாதாரணக் குழாய்த் தண்ணீர் மாதிரியே இருந்தது. அந்தக் கரியில் வெள்ளை நூல் ஓடும், சுண்ணாம்பு. அமிலம் ஊறினாலும் அது பிடித்து அமுக்கிவிடும். கீழடுக்குத் தண்ணீர் வினிகர் மாதிரிப் புளிப்பு. கரைந்த இரும்பு இருந்தால் செம்மஞ்சளாக மாறும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டேன். சோதனைக் குழாய் முழுக்க அடி முதல் நுனி வரை செம்மஞ்சள்.

காற்றும் ஈரமும் பட்டால் பவுன் கரைகிறது. அமிலமாகவும் இரும்பாகவும் பிரிகிறது. காற்றும் ஈரமும். வேறென்ன இருக்கிறது நுரையீரலுக்குள்?

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எடை. நான் வெறும் எடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் உப்பும் ஒரு ஸ்பூன் விஷமும் ஒரே எடைதான்.

மார்ச் 4

பாய்லருக்காகக் கீழடுக்குக் கரியில் சுண்ணாம்புத் தூள் கலந்து அனுப்ப உத்தரவாகிவிட்டது. ஒரே நாளில்.

மார்ச் 21

வில்லைகளைக் குப்பையில் போடுவதை நிறுத்தி மூன்று வாரமாகப் போகிறது. நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்திருக்கின்றன. மதிய இடைவேளையில் ஒவ்வொன்றாக ஊறவைத்துப் பார்க்கிறேன். கீழடுக்கு வில்லைகளில் தூசி குறைவு, இரும்பு அதிகம். மேலடுக்கு வில்லைகளில் தூசி அதிகம், இரும்பு இல்லவே இல்லை. இவ்வளவு தெளிவாக எந்தச் சோதனையும் எனக்கு வந்ததில்லை.

மேலடுக்கில் பதினான்கு வில்லைகள் மட்டும் கறுப்பாக இல்லை, சாம்பல் நிறம். கூரை சரியாமல் இருக்க மேலே கல்லைத் துளைத்து நீள நீளமாக ஆணி முடுக்குகிறவர்களுடையவை. கல்தூள் கலந்திருக்கிறது. கரிக் கணக்கைக் குழப்பும். தனியே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

என் கீழ்வீட்டுக்காரர் அந்த வேலைதான் செய்கிறார். ஒட்டகம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆறடிக்கு மேல் உயரம், குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது. இன்று மாடி ஏற முடியாமல் நின்ற அண்ணனைப் பின்னாலிருந்து கை கொடுத்து ஏற்றிவிட்டார். "மெதுவா ஏறுங்க, மேல என்ன கூரை பறந்தா போயிடும்? அதுக்கு ஆணி அடிச்சதே நாந்தான்" என்றார். அண்ணன் சிரித்தான். சிரித்ததற்கு ஐந்து நிமிடம் இருமினான்.

ஏப்ரல் 9

அண்ணிக்கு எல்லாம் சொன்னேன். மாற்றி வாங்கிக்கச் சொன்னது நான் என்பதையும் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். நீ சொல்லித்தான் போனாரு. இப்ப கம்பெனி ஒத்துக்கறதும் நீ சொல்லித்தான் நடக்கணும்."

திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 27

இரண்டு வாரத்துக்கு மேலாக அண்ணி வீடு வீடாகப் போயிருக்கிறாள். அவள் கெட்டிக்காரத்தனம் எனக்கு வராது. ஆண்களிடம் இருமல் இருக்கா என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம். இவள் பெண்களிடம் கேட்டிருக்கிறாள், அதுவும் ஒரே ஒரு கேள்வி. "உங்க வீட்டுக்காரரு எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறாரு?"

தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் தலையணையை அடுக்கிக்கொள்வார்கள். அதை எந்த மனைவியும் மறைக்கவில்லை.

நோட்டைப் பார்த்தேன். கீழடுக்கு முப்பத்தெட்டு வீடு. மூன்று தலையணைக்கு மேல் பத்தொன்பது. மேலடுக்கு நாற்பது வீடு. மூன்றுக்கு மேல் ஆறுதான். வீடு, வேலை, வருடம் எல்லாம் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள். நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன்.

மே 6

அறிக்கையைத் தலைவரிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை படித்தார். அதைச் சொல்ல வேண்டும், ஒரு வரி விடாமல் படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேலை சுத்தம். குறையே சொல்ல முடியாது. ஆனா எழுத்துல வேணாம் மேடம். வெளிய இதைப் பத்தி மூச்சு விடாதீங்க."

"எங்கண்ணனும் அதைத்தான் சொல்றான் சார். மூச்சு விட முடியலைன்னு."

அவர் முகம் செத்துவிட்டது. எனக்கே என் வாய் பிடிக்கவில்லை. இருந்தாலும் அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நேராகத் தபால் நிலையம். தொழில்நோய் வாரியத்துக்குப் பதிவுத் தபால்.

மே 7

பயமாக இருக்கிறது.

ஜூன் 15

வாரிய விசாரணை. நீண்ட மேஜை, மூன்று பேர், நடுவில் தண்ணீர்க் கூஜா. நடுவில் இருந்த அம்மையார் முதலில் கேட்டது: "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. கரிக்கு டாக்டர்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டார்கள். சோதனைக் குழாய்களைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். செம்மஞ்சள் ஒரு பக்கம், தெளிந்த தண்ணீர் ஒரு பக்கம். நூறு பக்கம் எழுதினாலும் அந்த இரண்டு குழாய் மாதிரி வராது. எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றால் இத்தனை வருட வரம்பு எதற்கு என்று அந்த அம்மையார் கம்பெனி வக்கீலைக் கேட்டார். வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

பிறகு வக்கீல் என் பக்கம் திரும்பினார். "அப்படின்னா மேலடுக்குக் கரியால ஆபத்தில்லைன்னு எடுத்துக்கலாமா?"

"அந்தக் கரியில இரும்பு வெளிய வராது. சுண்ணாம்பு பிடிச்சு வெச்சுக்கும்."

"ஆமாவா, இல்லையா?"

"எடுத்துக்கலாம்" என்றேன்.

நிதானமாக எழுதிக்கொண்டு, "ரொம்ப நன்றி மேடம்" என்றார். எதிராளியே நன்றி சொல்கிறான். மடக்க வழியில்லை போலிருக்கிறது.

ஜூலை 12

தீர்ப்பு வந்துவிட்டது. கீழடுக்கில் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு வந்திருப்பது தொழில்நோய்தான். அண்ணனோடு சேர்த்துப் பதினேழு பேர். இனி அவனை நிலத்துக்குக் கீழே அனுப்பக் கூடாது, மருந்தும் ஆக்சிஜனும் கம்பெனி பொறுப்பு. விளக்கு அறையில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். போகிறவர்களுக்குத் தலைவிளக்கும் பம்பும் எடுத்துக் கொடுத்து, வருகிறவர்களிடம் திருப்பி வாங்கி வைக்க வேண்டும்.

சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத்தனை நாளா நான் நடிக்கலைன்னு முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க பாப்பா."

அண்ணி மட்டும் அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். "நுரையீரலைத் திருப்பித் தருவாங்களாமா?"

ஆகஸ்ட் 2

ஒட்டகம் என் வீட்டுக்கு ஏறி வந்தார். என்றுமில்லாத வழக்கம். வாசலிலேயே நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் சட்டைக் காலர் கழுத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றது. எப்போது இப்படி இளைத்தார்? இதே கட்டடத்தில்தான் இருக்கிறேன்.

ஒரு கடிதத்தை நீட்டினார். "எனக்குப் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் புரியாது தங்கச்சி. இதுல உன் பேரு வருது. அதான் உன்கிட்டயே கேட்டுக்கலாம்னு."

அவரும் வாரியத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். மறுத்துவிட்டார்கள். மனுதாரர் மேலடுக்கில் மட்டும் பணியாற்றியவர். மேலடுக்குக் கரி ஆபத்தற்றது என்பதை நிறுவனத்தின் வேதியியலரே வாரியத்தின் முன் உறுதி செய்துள்ளார். எனவே.

இரண்டு தடவை படித்தேன். கம்பெனிக்கு நான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய சாட்சி நான்.

அவர் கோபமாகப் பேசியிருக்கலாம். "நீ சொன்னது நிஜந்தான். கரி ஒண்ணும் பண்ணிருக்காது" என்றார். "நான் எங்க கரி வெட்டினேன்? நாள் பூரா அண்ணாந்து பார்த்துக் கல்லைத்தானே துளைக்கறேன். துப்பினா கறுப்பாக்கூட வராது. சிமெண்ட் கரைச்ச மாதிரி வரும்."

ஆகஸ்ட் 3

சாம்பல் நிற வில்லைகள். பதினாலு. கணக்கைக் குழப்பும்னு தூக்கிப் போட்டேன். நான்தான், என் கையாலதான். கல்தூள்னு தெரியும். அந்தக் கல்லுல பாதி மணல்னும் தெரியும், சாம்பல் கணக்கு எழுதும்போதெல்லாம் எழுதறேனே. மணல் தூள் நெஞ்சுக்குள்ள போனா நுரையீரல் கல்லா இறுகிடும்னு முதல் வருஷப் படிப்புலயே இருக்கு. இரும்பைத் தேடினேன், இரும்பு இல்லை, ஆபத்தில்லைன்னுட்டேன். மூணு பேர் முன்னாடி. கேட்டவன் நன்றி சொன்னான்.

அண்ணியின் நோட்டை வாங்கி வந்தேன். மேலடுக்கில் மூன்று தலையணைக்கு மேல் ஆறு பேர். அதில் ஐந்து பேர் கூரை ஆணி வேலை. ஏப்ரல் மாதமே அண்ணி எழுதிக் கொடுத்துவிட்டாள். படித்தவள் படிக்கவில்லை.

தெளிவான சோதனை என்று எழுதியிருக்கிறேன், மார்ச் மாதத்தில். ஒத்து வராததைத் தூக்கி எறிந்துவிட்டால் எல்லாமே தெளிவுதான்.

ஆகஸ்ட் 8

வாரியத்துக்குக் கடிதம். நான் சோதித்தது கரியை மட்டும். கல்லைச் சோதிக்கவில்லை. அன்று ஆமாம் என்று சொன்னது தவறு, அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். ஒரு நகல் தலைவருக்கும் கொடுத்தேன்.

"இப்ப உங்களை யாரு நம்புவாங்க மேடம்? அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு."

உண்மைதான். அதனால்தான் வலித்தது.

ஆகஸ்ட் 26

பண்டகசாலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேலை என்னவென்றால் பூட்ஸ், கையுறை, தலைக்கவசம் எண்ணுவது. இடது கை இருநூற்று ஆறு, வலது கை நூற்றுத் தொண்ணூற்று எட்டு. எட்டுப் பேருக்கு வலது கை கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 10

வாரியம் பதில் போட்டிருக்கிறது. புதிய ஆதாரம் இருந்தால் மறுவிசாரணை உண்டாம். ஆதாரம் என்றால் வில்லைகள். வில்லைகள் ஆய்வகத்தில். அங்கே புதிதாக வந்த பையன் எடை போட்டு முடித்து விதிப்படி குப்பையில் போட்டுக்கொண்டிருப்பான்.

அண்ணனிடம் புலம்பினேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "பம்பையெல்லாம் யாரு திருப்பி வாங்கறா?" என்றான்.

"நீதான்."

"அப்புறம் என்ன?"

மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வா, திருட்டுப் பட்டம் வந்துவிடும் என்றேன். தொழிலாளி தன் தூசி மாதிரியில் ஒரு நகல் கேட்டால் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். பதினேழு வருடம் சங்கத்தில் இருந்தவன், எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆணி முடுக்குகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, இரண்டாவது பம்ப் ஒன்றைக் கட்டி அனுப்பப் போகிறானாம்.

அக்டோபர் 4

முப்பத்தொரு வில்லைகள் சேர்ந்துவிட்டன. என்னோடு படித்தவள் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பேராசிரியை. அவளுடைய ஆய்வகத்தில் பார்த்தோம். தூசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணல். மொத்த எடை? வரம்புக்குள். எல்லா வில்லையும் வரம்புக்குள். மறுவிசாரணை கேட்டு முடிவை வாரியத்துக்கு அனுப்பிவிட்டோம்.

அண்ணனுக்கு இப்போது விளக்கு அறையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்க முக்கால் மணி நேரம். முன்பு பத்து நிமிட தூரம். வழியில் மூன்று இடத்தில் உட்கார இடம் பார்த்து வைத்திருக்கிறான். மூன்றாவது இடத்தில் தேநீர்க் கடை, அதனால் அங்கேதான் உண்மையாகவே களைப்பு வருகிறது என்கிறான்.

அக்டோபர் 19

ஒட்டகத்தை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கட்டில் நீளம் போதவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அதன்மேல் வைத்தேன்.

விசாரணை தேதி வந்துடுச்சா என்று கையாலேயே கேட்டார். இன்னும் இல்லை அண்ணே என்றேன். தலையை ஆட்டினார். அந்த மூச்சில் எனக்குப் பதில் சொல்லிச் செலவழிக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அக்டோபர் 27

ஒட்டகம். காலை பத்தரை மணிக்கு.

நவம்பர் 14

கீழ்வீட்டு அக்கா, ஒட்டகத்தின் மனைவி, கூப்பிட்டாள். அவர் பெயருக்குப் பதிவுத் தபால். மறுவிசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், டிசம்பர் 3. மனுதாரர் உரிய ஆவணங்களுடன் தவறாமல் நேரில் வர வேண்டும். கூடவே ஒரு படிவம்.

"அவரில்லாம நடத்துவாங்களா?" என்றாள்.

"நடத்துவாங்க அக்கா. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். நானும் அண்ணனும் வருவோம்."

ஆணி வேலை பார்க்கும் இன்னும் நான்கு பேரின் மனுவும் அன்றுதான். அவர்களுக்கு நடக்க முடிகிறது, வந்துவிடுவார்கள். அன்று யாராவது என்னிடம் ஆமாவா இல்லையா என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும். எதைச் சோதித்தேன், எதைச் சோதிக்கவில்லை என்று சொல்வேன். அவர்கள் பொறுமை இழக்கும் வரை சொல்வேன்.

அக்கா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுப் படிவத்தைப் பரப்பினாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மனுதாரர் நேரில் வருவாரா என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டேன். வர இயலாததற்குக் காரணம் என்று ஒரு வரி. அதில் அவர் இறந்த தேதியை எழுதினேன்.

எட்டிப் பார்த்தாள். "தேதி மட்டும் போதுமா? மூச்சு முட்டிச்சுன்னு எழுது. கல்லு உள்ள போயிடுச்சுன்னு எழுது."

"அதை நாம எழுத முடியாதுக்கா. அதை வாரியத்துலதான் எழுதணும். அதுக்குத்தான் போறோம்."

 அக்கா பேனாவை வாங்கி, தன் பெயரை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன்.